ஒரு தனி அறை போதும்

ஆசிரியர் அவர்களுக்கு,

கூடுதல் மதிப்பெண்ணையோ கூடுதல் நேரத்தையோ கேளாமல், பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வை என் மகன் உட்கார்ந்து எழுத ஓர் அறை தனியே ஒதுக்கித் தர வேண்டும் என்று மூன்று மாத காலமாக அலுவலகம் அலுவலகமாக ஏறி இறங்கி, எங்கும் ஒரே பதிலைப் பெற்றுத் திரும்பிய ஒரு தகப்பனின் முறையீட்டைத் தங்கள் பத்திரிகை வாயிலாகப் பொதுஜனங்கள் முன் வைக்க அனுமதி வேண்டுகிறேன்.

அவனுக்கு இருப்பது டூரெட் சிண்ட்ரோம் என்ற நரம்பு சம்பந்தமான உபாதை. ஏழாவது வயதில் கண் சிமிட்டலாகத் தொடங்கி, தோள் குலுக்கலாகி, கழுத்தை ஒரு பக்கம் வெட்டி இழுப்பதாகி, பத்தாவது வயதில், நாய்க்குட்டியின் வாலை யாரோ மிதித்துவிட்டாற்போன்ற ஒரு சத்தமாகத் தொண்டையில் வந்து தங்கிற்று. முதலில் கண் வைத்தியரிடம் போனோம். பிறகு, வீட்டுப் பெரியவர்களின் திருப்திக்காக மந்திரித்துக் கயிறும் கட்டினோம். இவ்விரண்டுக்கும் நடுவே, உயர்நிலைப் பள்ளி ஆசிரியனாகிய நான், இது தொலைக்காட்சி கற்றுக்கொடுத்த சேட்டை என்று எனக்கு நானே தீர்மானம் செய்துகொண்டு, சிமிட்டும் போதெல்லாம் அவன் தொடையில் கிள்ளியும் இருக்கிறேன். அதை எழுத வெட்கமாக இருக்கிறது, ஆனாலும் மறைப்பதற்கில்லை.

ஜில் டி லா டூரெட் என்ற பிரெஞ்சு வைத்தியர் 1885-ஆம் ஆண்டிலேயே ஒன்பது நோயாளிகளை வைத்து விவரித்துவிட்ட இந்த உபாதையின் பெயரை, எங்களுக்கு ஒரு நரம்பியல் நிபுணர் சொன்னபோது பையனுக்கு வயது பதினொன்று. தும்மல் வருமுன் மூக்கில் ஓர் ஊறல் எழுகிறதல்லவா, அதுபோல் உடம்பில் ஓர் உந்துதல் எழுந்து, சத்தம் வெளிப்பட்ட பிறகே அடங்குகிறது என்றும், சிறிது நேரம் பல்லைக் கடித்து அடக்கலாமே தவிர அடியோடு நிறுத்தும் சக்தி பிள்ளையின் கையில் இல்லை என்றும் அவர் விளக்கினார். (இந்த வியாதி என்றாலே கெட்ட வார்த்தை பேசுவார்கள் என்று சினிமா பார்த்துவிட்டுக் கேட்பவர்கள் உண்டு, அது நூற்றில் பத்துப் பதினைந்து பேருக்கு மேல் வருவதில்லை.) கூடவே இருக்கும் பதற்றம்தான் எங்களை அதிகம் வாட்டுவது. எல்லோரும் மௌனமாக இருக்கும் இடத்தில் சத்தம் வந்துவிடுமோ என்று பயப்படுகிறான், பயந்ததனாலேயே வருகிறது, வந்ததும் நாற்பது தலைகள் திரும்புகின்றன. பரீட்சைக்கு முந்திய இரவுகளில் பாடத்தில் அவன் சந்தேகம் கேட்பதில்லை. "அப்பா, நாளைக்கு வந்துட்டா என்ன பண்றது?" என்ற ஒரே கேள்வியைப் படுக்கையிலிருந்து ஐந்தாறு தரம் கேட்பான்.

அரையாண்டுத் தேர்வில் கணக்குப் பரீட்சையன்று அது வந்தது. பக்கத்துப் பிள்ளைகள் புகார் செய்ய, கண்காணிப்பாளர் இவனை எழுப்பி, ஆட்கள் போய்வரும் நடையில் ஒரு பெஞ்சைப் போட்டு உட்கார்த்தினார். வீட்டுக்கு வந்தவனுடைய சட்டைப் பையிலிருந்து அவன் தாயார் எடுத்த கைக்குட்டையில் ஒரு மூலை கடிபட்டு நைந்து, நூல் நூலாகப் பிரிந்திருந்தது. அந்தக் கண்காணிப்பாளரை நான் குறை சொல்லவில்லை. இருபத்திரண்டு வருஷம் நானும் அதே வேலையைச் செய்தவன். விடாமல் செருமிய மாணவர்களை எழுப்பி நிற்க வைத்தவன்.

தனி அறை வேண்டுமானால் மாற்றுத்திறன் சான்றிதழ் வேண்டும் என்றார்கள். அதை வழங்கும் மருத்துவ முகாமுக்கு அழைத்துப் போனோம். புதிய மனிதர்கள் முன்னிலையில் எவ்வளவு பிரயத்தனப்பட்டாவது அடக்கிக்கொள்வது இந்தக் குழந்தைகளின் சுபாவம் என்பது இந்நோயை அறிந்த எவருக்கும் தெரியும். இரண்டு கைகளையும் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டு, முக்காலியில் ஐந்து நிமிஷம் சிலையாக உட்கார்ந்திருந்தான். ஒரு சிமிட்டல்கூட இல்லை. பையன் நன்றாகத்தானே இருக்கிறான் என்று எழுதிவிட்டார்கள். வெளியே வந்து வேப்பமரத்தடியை அடைந்ததும், அடக்கி வைத்ததெல்லாம் சேர்ந்து புறப்பட்டு, இருபது நிமிஷம் தோளும் கழுத்தும் தொண்டையும் அவனை உலுக்கியெடுத்தன. அவன் தாயார் அதைக் கைபேசியில் படம் பிடித்துக்கொண்டு உள்ளே ஓடினாள். "வீடியோ எல்லாம் செல்லாதும்மா, அதுவுமில்லாம இந்தப் பேரே லிஸ்டில் இல்லையே" என்று பதில் வந்தது.

பெயர் இல்லாதது மெய்தான். 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் வரிசைப்படுத்தும் 21 வகைக் குறைபாடுகளில் டூரெட் என்ற சொல் கிடையாது. நாட்பட்ட நரம்பியல் கோளாறுகள் என்ற பொதுவான வகை ஒன்று உண்டு, அதற்குள் இதைச் சேர்ப்பதும் சேர்க்காமல் விடுவதும் எதிரே உட்கார்ந்திருப்பவரின் அபிப்பிராயத்தைப் பொறுத்ததாக இருக்கிறது. சேர்த்தாலும் நாற்பது சதவீதம் என்ற வரம்பு குறுக்கே நிற்கிறது. காலையில் ஐந்தும் மாலையில் ஐம்பதுமாக ஏறி இறங்கும் ஒரு வியாதியை எந்த நாழிகையில் அளந்து சதவீதம் போடுவது? எழுதும்போது கை இழுத்துக்கொள்ளும் நோயுள்ள ஓர் இளைஞரின் வழக்கில், நாற்பது சதவீதம் இல்லையென்ற காரணத்தால் உதவியாளரை மறுக்கக் கூடாது என்று 2021 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்து, அதையொட்டி மறு வருஷம் ஆகஸ்டில் மத்திய அரசு நெறிமுறைகளும் வெளியிட்டது. ஆனால் அவை எழுதுவதில் சிரமமுள்ளவர்களுக்கானவை. சொல்வதை எழுதுபவர், கூடுதல் நேரம் என்று நம் சலுகைகளில் பெரும்பாலானவை கையை உத்தேசித்தே ஏற்பட்டிருக்கின்றன. என் மகனுடைய கைக்கு ஒரு குறையுமில்லை, கையெழுத்து முத்து முத்தாக இருக்கும். உபாதை தொண்டையில் இருக்கிறது.

ஆகவே, கல்வித் துறையையும் தேர்வுத் துறையையும் நான் கேட்பது இவ்வளவே: சிகிச்சை அளித்து வரும் நரம்பியல் மருத்துவரின் கடிதத்தையே போதிய பிரமாணமாகக் கொண்டு, சதவீதக் கணக்கு பாராமல், இத்தகைய பிள்ளைகளுக்கு ஓர் அறையும் ஒரு கண்காணிப்பாளரும் தனியே தர, தேர்வு மையத்தின் முதன்மைக் கண்காணிப்பாளருக்கு எழுத்து மூலம் அதிகாரம் கொடுங்கள். மாற்றுத்திறனாளிக்குத் தேவையான நியாயமான ஏற்பாட்டைச் செய்து தருவது அரசின் பொறுப்பென்று அதே சட்டத்தின் மூன்றாம் பிரிவு சொல்கிறது. மற்றப் பிள்ளைகளுக்கும் அதனால் நஷ்டமில்லை. அவர்கள் நிம்மதியாக எழுதுவார்கள். பெரும்பாலான பள்ளிகளில் ஆய்வுக்கூடமோ ஓவிய அறையோ அந்நாட்களில் பூட்டித்தான் கிடக்கிறது. சாவி எந்த ஆணியில் தொங்கும் என்பதுகூட எங்களைப் போன்ற ஆசிரியர்களுக்குத் தெரியும்.

தேர்வுக்கு இன்னும் ஏழு வாரம் இருக்கிறது. உத்தரவு அதற்குள் வந்தால் உபயோகமாக இருக்கும்.

இங்ஙனம்,
மகனை உத்தேசித்துப் பெயர் வெளியிட விரும்பாத
ஓர் ஆசிரியன்