விசேட கல்வித் திட்டங்களும் அயலார் என்னும் அளவுகோலும்

இங்கிலாந்தின் நிலவளவையாளர் பாலங்களிலும் தேவாலயச் சுவர்களிலும் ஒரு கிடைக்கோட்டை வெட்டி, அதன்கீழ் அம்புக்குறி ஒன்றினைப் பொறித்து வைத்தனர். மட்டக்கோலைத் தாங்கும் இரும்புத் துண்டை அக்கோட்டிலே பொருத்துவர். கோலுக்கு அது இருக்கையாய் அமைந்தமையின் 'பெஞ்ச் மார்க்' எனப் பெயர்பெற்றது. இன்று முகாமை நூல்களிலும் கல்வி நிருவாக அறிக்கைகளிலும் ஓயாது ஒலிக்கும் 'பெஞ்ச் மார்க்கிங்' என்னுஞ் சொல்லின் பிறப்பிடம் இதுவே. அக்கற்குறிகளின் உயரம், கோண்வால் கரையிலுள்ள நியூலின் துறைமுகத்தில் 1915 முதல் 1921 வரை நோக்கிக் கணிக்கப்பட்ட சராசரிக் கடல் மட்டத்திலிருந்து அளக்கப்பட்டது. அயல்வீட்டு மதிலிலிருந்து எவரும் அளந்தாரல்லர். விசேட கல்வித் தேவையுடைய பிள்ளைகளுக்கான உதவித் திட்டங்களை ஒப்பீட்டினால் திருத்தப் புறப்பட்டோர் இச்சிறு செய்தியை மறந்தமையே இன்றைய குழப்பத்தின் வேர் எனலாம்.

மேரி வார்னொக் தலைமையிலான குழு 1978 இல் வெளியிட்ட அறிக்கை, ஐந்து பிள்ளைகளில் ஒருவர்க்குப் பாடசாலைக் காலத்தில் எப்பொழுதேனும் விசேட உதவி தேவைப்படும் என்று கூறிற்று. பிள்ளைகளை ஊனத்தின் பெயரால் வகுத்து ஒதுக்கிய பழைய முறையைக் கைவிட்டு, தேவையின் பெயரால் நோக்குமாறு அது வற்புறுத்தியது. அதன்வழி வந்த 1981 ஆம் ஆண்டுக் கல்விச் சட்டம், கூடிய தேவையுள்ள பிள்ளை ஒவ்வொருவர்க்கும் எழுத்திலான கூற்றொன்றை வழங்கியது. 2014 ஆம் ஆண்டுச் சிறுவர், குடும்பங்கள் சட்டம் அக்கூற்றினைக் கல்வி, சுகாதார, பராமரிப்புத் திட்டமாக மாற்றி, இருபத்தைந்து வயது வரையும் நீட்டியது. இத்திட்டம் வெறும் பரிந்துரையன்று. அதில் குறிக்கப்பட்ட விசேட கல்வி ஏற்பாட்டை உள்ளூர் அதிகாரசபை பெற்றுக்கொடுத்தே ஆகவேண்டும் என்பது அச்சட்டத்தின் 42 ஆம் பிரிவு. எனவே, திட்டத்தில் எழுதப்படும் ஒவ்வொரு சொல்லும் பிள்ளையின் உரிமைக்கு எல்லை வகுப்பது. எழுதப்படாதது கிடைக்காது; மயங்க எழுதப்பட்டதும் கிடைக்காது.

இங்குதான் ஒப்பீடு வருகின்றது. கல்வி ஆராய்ச்சிக்கான தேசிய நிறுவனம் 2007 இல் ஆக்கியளித்த முறையின்படி, ஒவ்வோர் அதிகாரசபைக்கும் சமூக, பொருளாதார நிலையில் ஒத்த பத்து அதிகாரசபைகள் 'புள்ளிவிபர அயலவர்' எனக் குறிக்கப்பட்டன. ஒத்தாரோடு ஒத்தாரை ஒப்பிடுவது நியாயமே. ஆயின் ஒப்பிடப்படுவன யாவை? ஆயிரம் பிள்ளைகளுக்கு எத்தனை திட்டங்கள், சட்டம் விதித்த 20 வாரத்துள் எத்தனை வீதம் முடிந்தன, செலவு எவ்வளவு என்பனவே. எண்ணுதற்கு எளியன எண்ணப்படுகின்றன. திட்டத்தினுள்ளே எழுதப்பட்டிருப்பது யாது என்பதை எண்ணுவாரில்லை.

பெறுபேற்று வீதத்தால் பாடசாலைகளை வரிசைப்படுத்திப் பழகிய இலங்கை வாசகர்க்கு இந்நோய் புதியதன்று.

தேசியக் கணக்காய்வு அலுவலகம் 2024 ஒக்ரோபரில் வெளியிட்ட அறிக்கை தரும் எண்கள் சிந்தனைக்குரியன. அவ்வாண்டு ஜனவரியில் நடைமுறையிலிருந்த திட்டங்கள் 576,000. 2015 உடன் நோக்க 140 வீத அதிகரிப்பு. 2023 இல் 20 வாரத்துள் வழங்கப்பட்டவை ஏறத்தாழப் பாதியே. உயர்தேவை நிதி பத்தாண்டுகளில் மெய்மதிப்பில் 58 வீதம் வளர்ந்து, 2024-25 இல் 10.7 பில்லியன் பவுணை எட்டிய பின்னரும் பிள்ளைகளின் பெறுபேறுகள் சீர்படவில்லை என்பதே அவ்வலுவலகத்தின் முடிவு. நாடு முழுவதும் இவ்வாறு தாழ்ந்து கிடக்கையில், 'எமது வீதம் அயலவரின் சராசரியிலும் இரண்டு புள்ளி கூட' என்று ஓர் அதிகாரசபை மார்தட்டுமாயின், அதன் பொருள் யாது? மூழ்கும் தோணியில் உயர்ந்த பலகையில் அமர்ந்தவனின் பெருமிதம் அது.

காலதாமதம் அநீதி என்பதை மறுப்பதற்கில்லை. ஐந்து வயதுப் பிள்ளைக்கு ஓராண்டு என்பது வாழ்நாளில் ஐந்திலொன்று. ஆயினும் காலம் ஒன்றே அளவுகோலாகுமிடத்து விளைவது வேறு. அளவையொன்று அதிகாரத்தின் பிடிக்குள் வந்ததும் தன் பொருளை இழக்கும் என்பதனைப் பொருளியலாளர் சார்ள்ஸ் குட்ஹார்ட் நாணயக் கொள்கையை வைத்து 1975 இலேயே உணர்த்தினார். இருபதாம் வாரத்தின் இறுதி நாளில் அவசரமாக ஒட்டித் தைக்கப்பட்ட திட்டம் அட்டவணையில் வெற்றி. இருபத்திரண்டாம் வாரத்தில் நிதானித்து எழுதப்பட்ட திட்டம் தோல்வி. பேசத் தடுமாறும் சிறுவன் ஒருவனுக்கான இரு திட்டங்களைக் கற்பனை செய்து பார்க்கலாம். ஒன்று, 'தேவைப்படுமிடத்துப் பேச்சு, மொழிச் சிகிச்சைக்கு வாய்ப்பளிக்கப்படும்' என்கிறது. மற்றையது, 'தகுதிபெற்ற சிகிச்சையாளர் வாரம் ஒருமுறை 45 நிமிடம் தனியே பயிற்றுவார்; வகுப்பாசிரியர்க்குத் தவணைக்கொருமுறை வழிகாட்டுவார்' என்கிறது. எண்ணிக்கை அட்டவணையில் இவ்விரண்டும் ஒவ்வொரு திட்டமே. சிறுவனின் வாழ்விலோ ஒன்று உதவி, மற்றையது கடதாசி. ஏற்பாடு விரிவாகவும் திட்டவட்டமாகவும் இருத்தல் வேண்டும், உதவியின் வகையும் மணித்தியாலமும் அதனை வழங்குவோரின் தேர்ச்சியும் பொதுவாக அளவிட்டுரைக்கப்படல் வேண்டும் என்று 2015 ஆம் ஆண்டு நடைமுறைக் கோவை தெளிவாகச் சொல்லியிருக்கவும், 'தேவைப்படுமிடத்து' என்ற சொல் அழிந்தபாடில்லை. அச்சொல் செலவில்லாதது, அதன் பேரில் எவரையும் நீதிமன்றுக்கு இழுத்தலும் அரிது.

இதன் விளைவை நியாயசபையிற் காணலாம். 2022-23 கல்வியாண்டில் அங்கு விசாரித்துத் தீர்க்கப்பட்ட மேன்முறையீடுகளில் 98 வீதமானவை பெற்றோர் பக்கமே தீர்ந்தன. நியாயசபை அயலவரின் சராசரியை நோக்குவதில்லை. பிள்ளையின் தேவை யாது, சான்று யாது, சட்டம் யாது என்றே நோக்கும். அதுவன்றோ கடல் மட்டம்! ஆனால் அவ்வாயிலை அடைவோர் யாவர்? ஆங்கிலமும் அவகாசமும் பணமும் உடையோரே பெரும்பாலும். அலுவலக ஆங்கிலத்தை வாசித்தறிய மாட்டாத பெற்றோர், இலண்டனின் புறநகர்களிற் குடியேறிய தமிழர் சிலரும் அவருள் அடங்குவர், 'தேவைப்படுமிடத்து' என்ற சொல்லை நன்மொழியென நம்பிக் கையொப்பமிடுவர்.

பிள்ளை ஒவ்வொருவரும் தனித்தன்மையுடையவர், ஆதலால் திட்டங்களை ஒப்பிடுதலே தகாது என்று வாதிப்போரும் உளர். கேட்க இனிய வாதம். சோம்பலுக்கு நல்ல போர்வை. பிள்ளைகளை ஒப்பிடுதல் வேறு, பிள்ளைகளுக்காக எழுதியவரின் வேலையை ஒப்பிடுதல் வேறு. நோயாளர் வேறுபடுவர் என்பதற்காக மருத்துவரின் குறிப்பேடுகளைப் பரிசோதிக்காது விடுவாருண்டோ?

ஒப்பீட்டைத் தொழிற்றுறைக்கு அறிமுகஞ் செய்த செரொக்ஸ் நிறுவனத்தின் வரலாற்றை இந்நிருவாகிகள் ஊன்றிப் படித்திருந்தால் நன்றாயிருந்திருக்கும். 1979 இல் யப்பானியப் போட்டியாளரின் பொறிகளைத் தன்னுடையவற்றோடு ஒப்பிடத் தொடங்கிய அந்நிறுவனம், பின்னர் தன் களஞ்சிய வேலையைச் சீர்செய்யும் பொருட்டு, தன் தொழிலோடு சற்றுந் தொடர்பற்ற எல். எல். பீன் என்னும் அஞ்சல்வழி உடை, விளையாட்டுப் பொருள் வணிக நிலையத்தை நாடியது. தன்னை ஒத்தவரையன்று, அவ்வேலையிற் சிறந்தவரை நாடியது. அங்கே பொருள்கள் எவ்வாறு எடுக்கப்படுகின்றன, எவ்வாறு அடுக்கப்படுகின்றன என்று வேலையின் நடைமுறையையே கற்றது. எண் ஒன்றை மட்டும் பெயர்த்தெழுதிக்கொண்டு திரும்பவில்லை.

கல்வியில் அதற்கிணையானது செய்தற்கரியதன்று. பெயரும் ஊரும் மறைக்கப்பட்ட திட்டங்கள் சிலவற்றை ஆசிரியர், உளவியலாளர், சிகிச்சையாளர், பெற்றோர் கூடி வாசிக்கட்டும். 'பி' பிரிவிற் கூறப்பட்ட தேவை ஒவ்வொன்றுக்கும் 'எஃப்' பிரிவில் விடையுண்டா, 'ஈ' பிரிவின் இலக்கு அவ்விடையால் அடையத்தக்கதா, 'ஏ' பிரிவிலே பிள்ளையின் குரல் உண்மையாகவே ஒலிக்கின்றதா, வேறொரு பிள்ளையின் பெயர் எங்கேனும் அழிக்கப்படாது கிடக்கின்றதா என்று பார்க்கட்டும். நன்கெழுதப்பட்ட திட்டத்தை எழுதியவர் அதனை எவ்வாறு எழுதினார், யாரை அணுகினார், எவ்வளவு நேரம் பெற்றார் என்று வினவட்டும். இதற்கு நேரம் வேண்டும், வெட்கத்தை விடவும் வேண்டும். பின்னதே அரிது.

அரசாங்கம் 2023 மார்ச்சில் வெளியிட்ட சீர்திருத்தத் திட்டம் நாடெங்கும் ஒரே படிவத்தையும், அதிகாரசபைகளின் நிலையைக் காட்டும் தகவற் பலகைகளையும் முன்மொழிந்தது. ஒரே படிவம் பெட்டிகளை ஒன்றாக்கும். பெட்டிக்குள் எழுதப்படுவதை ஒன்றாக்காது. திட்டம் ஒவ்வொன்றும் குறைந்தது 12 மாதத்துக்கொருமுறை மீளாய்வு செய்யப்படல் வேண்டும் என்பது முன்னரே சட்டத்திலுள்ளது. 'எஃப்' பிரிவில் எழுதப்பட்ட மணித்தியாலங்கள் எத்தனை, சென்ற ஆண்டிற் பிள்ளைக்குக் கிடைத்தவை எத்தனை என்ற இரண்டு எண்களை அக்கூட்டத்தில் பெற்றோர் முன்னிலையிற் கேட்டெழுதி, அவ்வெண்களை அதிகாரசபைகள் பகிரங்கமாக வெளியிடுமாயின், அயலவரோடு ஒப்பிடுதற்கும் தகுதியான ஓர் அட்டவணை பிறக்கும். அதனைத் தொடங்குவதற்குப் புதிய படிவமோ பலகையோ தேவையில்லை. அடுத்த மீளாய்வுக் கூட்டமே போதும்.