குறிலா, நெடிலா?

கொள்ளிடத்தின் வடகரையில், திருமானூருக்குப் பக்கத்தில் இருக்கும் ஏலாக்குறிச்சிக்குப் போன ஆவணியில் ஒரு பையனுடன் போயிருந்தேன். எங்கள் தெருப் பையன். கல்லூரி மூன்றாம் ஆண்டில் படிக்கிறவன். மாணவர் பரிமாற்றத் திட்டத்தில் ஒரு பருவம் இத்தாலியில் படிக்க இடம் கிடைத்திருந்தது. விமானம் ஏறுமுன் அடைக்கல மாதா கோயிலில் பாஸ்போர்ட்டை வைத்து எடுக்க வேண்டும் என்பது அவன் அம்மாவின் நேர்ச்சை. அந்த நீலநிறச் சிறு புத்தகம் பீடத்துக்குக் கீழே மெழுகுவர்த்தி வெளிச்சத்தில் கிடந்த இரண்டு நிமிடமும் அவன் கண் அதைவிட்டு அகலவில்லை. பக்தி கொஞ்சம், மெழுகு சொட்டிவிடுமோ என்ற பயம் கொஞ்சம். அவன் போகவிருந்த ஊர் பொலோஞா. இந்தக் கோயிலை எழுப்பிய மனிதர் முந்நூறு ஆண்டுகளுக்கு முன்பு படித்துவிட்டுப் புறப்பட்ட ஊர்களில் அதுவும் ஒன்று. அதைச் சொன்னபோது பையன் சிரித்தான். அவன் அம்மாவுக்கு அதில் வியப்பு ஒன்றும் இல்லை. "அதான் மாதா அனுப்புறா" என்று சொல்லிப் பாஸ்போர்ட்டை எடுத்து மடியில் கட்டிக்கொண்டார்.

அந்த மனிதர், காஸ்திலியோனே என்ற இத்தாலியச் சிற்றூரில் 1680இல் பிறந்த கொன்ஸ்தான்சோ ஜூசேப்பே பெஸ்கி, இயேசு சபையில் சேர்ந்து குருவாகி, 1710இல் கோவாவில் கரையிறங்கி, அடுத்த ஆண்டு மதுரை மிஷனுக்கு வந்து சேர்ந்தார். வயது முப்பது. அந்த வயதில் ஒருவன் தன் ஊரில் நாலு பேருக்குச் சொல்லிக்கொடுக்கிற நிலைக்கு வந்திருப்பான். பெஸ்கியும் அப்படித்தான் ஆசிரியராக இருந்தவர். இங்கே வந்ததும் அவர் மறுபடி அரிச்சுவடிக்காரர் ஆனார். எந்தக் காலத்திலும் அயல்நாடு போய் இறங்குகிறவனுக்கு முதல் அடி அங்கேதான் விழுகிறது. குளிரும் சாப்பாடும் பிறகு வருகிற தொல்லைகள். நேற்றுவரை புத்திசாலியாக இருந்தவன் இன்று கடைக்காரரிடம் உப்புக் கேட்கத் தெரியாமல் நிற்கிறான். தரங்கம்பாடியில் 1706இல் இறங்கிய ஜெர்மன் பாதிரியார் சீகன்பால்கு, ஒரு கிழவர் நடத்திய திண்ணைப் பள்ளியைத் தம் வீட்டுக்கே வரவழைத்து, சின்னப் பிள்ளைகளோடு பிள்ளையாக மணலில் விரலால் எழுத்துக் கூட்டினார். ஜெர்மன் பல்கலைக்கழகம் பார்த்த விரல் அது. கூட இருந்த வாண்டுகள் எவ்வளவு சிரித்திருக்கும் என்று நினைத்துக்கொள்கிறேன்.

பயணம் அந்தப் பக்கமிருந்து மட்டும் நடக்கவில்லை. அதே சீகன்பால்கு 1714இல் ஐரோப்பாவுக்குக் கப்பலேறியபோது மலையப்பன் என்ற தமிழ் இளைஞரும் உடன் போனார். ஜெர்மனியின் ஹாலே நகரில் சீகன்பால்கு எழுதிய தமிழ் இலக்கணம் லத்தீனில் அச்சாகி 1716இல் வெளிவந்த நாட்களில் அங்கே தமிழைப் பேசிக்காட்ட ஒரு தமிழ்நாட்டுக் குரல் இருந்தது. அந்தப் பனியில் மலையப்பனுக்கு யார் கம்பளி கொடுத்தார்கள், சோற்றுக்கு என்ன செய்தார் என்பதைச் சொல்லும் காவியம் எதுவும் இல்லை. வந்தவருக்குச் சிலை வைத்தோம். போனவரின் பெயரைக்கூட ஆராய்ச்சிக்காரர்கள் நினைவூட்ட வேண்டியிருக்கிறது. நமக்கு வந்தவர்களின் வரலாறுதான் மனப்பாடம்.

போனவர்களில் நாம் மறக்காதவர் ஒருவர் உண்டு. கொள்ளிடத்துக்குத் தெற்கே கும்பகோணத்தில் வளர்ந்த ராமானுஜன், 1914 மார்ச்சில் சென்னையில் கப்பலேறி ஏப்ரலில் லண்டன் சேர்ந்தார். கேம்பிரிட்ஜில் அவருடைய கணக்குகளுக்கு வந்த மரியாதையை எல்லோரும் சொல்கிறார்கள். எனக்குப் படுக்கைதான் ஞாபகம் வருகிறது. இரவெல்லாம் குளிரில் நடுங்குவதாகவும், மேல்கோட்டைப் போட்டுச் சால்வையையும் சுற்றிக்கொண்டு படுப்பதாகவும் அவர் சொல்ல, அங்கே படித்துக்கொண்டிருந்த மகலனோபிஸ் என்ற இந்திய மாணவர் அறைக்குள் போய்ப் பார்த்தார். படுக்கையில் கம்பளிகள் நிறையவே இருந்தன. எல்லாம் மெத்தைக்கடியில் இறுக்கிச் செருகி, மேலே விரிப்புப் போட்டிருந்தது. அவற்றை விலக்கி உள்ளே நுழைந்துகொள்ள வேண்டும் என்று யாரும் ராமானுஜனுக்குச் சொல்லவில்லை. அவர் விரிப்பின் மேலேயே படுத்துக்கொண்டிருந்தார். முடிவிலாத் தொடர்களின் உள்ளே புகுந்து புறப்பட்டவருக்குக் கம்பளிக்குள் புகும் வழி தெரியவில்லை. பாய், தலையணை, போர்வை என்று மூன்றும் தனித்தனியாகக் கிடக்கும் வீட்டிலிருந்து போனவருக்கு எப்படித் தெரியும்? ஐந்து ஆண்டுக்குப் பிறகு உடல் நொந்து திரும்பி வந்தார். 1920 ஏப்ரலில் போய்விட்டார்.

புதிதாக வருகிறவனைத் தாங்கிக்கொள்ளும் ஏற்பாடு என்ற ஒன்று, வருகிறவன் உண்டான நாளிலிருந்தே உண்டு. சீனத்திலிருந்து 671இல் புறப்பட்ட யிஜிங் என்ற பிக்கு, நேரே இந்தியாவுக்குப் போகாமல் ஸ்ரீவிஜயத்தில் ஆறு மாதம் தங்கிச் சமஸ்கிருத இலக்கணம் படித்தார். பின்னால் வரும் சீனத் துறவிகளும் அங்கே ஓரிரண்டு ஆண்டு தங்கிப் பழகிக்கொண்டு போவது நல்லது என்று எழுதிவைத்தார். பின்னாளில் அந்த ஸ்ரீவிஜயத்து அரசன் ஒருவன் நாகப்பட்டினத்தில் எழுப்பிய சூடாமணி விகாரத்துக்கு ராஜராஜன் ஆனைமங்கலத்தை எழுதிக்கொடுத்தான். பொலோஞாவின் கதை இன்னும் சுவையானது. அங்கே படிக்க வந்த வெளிநாட்டு மாணவரை, அவருடைய ஊர்க்காரர் வேறு யாரோ வாங்கிய கடனுக்காகப் பிடித்துவைக்கும் வழக்கம் இருந்தது. 'உன் நாட்டுக்காரன் ஓடிவிட்டான், நீ கட்டு' என்பதுதான் நியாயம். பன்னிரண்டாம் நூற்றாண்டின் நடுவில் பேரரசன் பிரடெரிக் பார்பரோசா ஓர் ஆணை போட்டு அதைத் தடுத்தான். கல்விக்காக நாடுவிட்டு நாடு போகிறவர்களுக்குப் பாதுகாப்புத் தந்தான். வழக்கென்று வந்தால் அவர்களுடைய ஆசிரியரோ ஆயரோ விசாரிக்கலாம் என்றான். ஒருவன் செய்த தவற்றுக்கு அவன் நாட்டார் எல்லோரையும் முறைத்துப் பார்க்கும் வழக்கம் அந்த ஆணையோடு தீர்ந்ததா என்பதை இன்று விசாவுக்காக வரிசையில் நிற்கும் பிள்ளைகளைக் கேட்டால் சொல்வார்கள். விதிகள் இந்த ஆண்டு இறுகும், அடுத்த ஆண்டு தளரும். நாளிதழில் அவை பெரிய எழுத்தில் வரும். எண்ணூறு ஆண்டுக் கணக்கில் வைத்துப் பார்த்தால் அலை வந்துபோவதுபோல் இருக்கிறது.

பெஸ்கிக்கு இந்த மண் என்ன ஏற்பாடு செய்தது? பழனியைச் சேர்ந்த சுப்பிரதீபக் கவிராயரிடம் அவர் தமிழ் கற்றார் என்பது மரபு. அரியலூர்ப் பாளையத்து மழவராயருக்கு வந்த பிளவையைக் குணமாக்கியதால் இந்த நிலம் கொடையாகக் கிடைத்தது என்று ஏலாக்குறிச்சியில் சொல்வார்கள். கதையில் எவ்வளவு சரித்திரம், எவ்வளவு பக்தி என்று பிரித்துப் பார்க்க நான் விரும்பவில்லை. இருக்க இடம் கிடைத்திருக்கிறது, பிழையாகப் பேசும்போது பொறுத்துக்கொள்ள ஓர் ஆசிரியரும் கிடைத்திருக்கிறார், அது தெளிவு. கொன்ஸ்தான்சோ என்ற பெயரில் இருந்த உறுதியைத் தமிழாக்கித் தைரியநாதர் ஆனார். பிறகு வீரமாமுனிவர் ஆனார். ஊருக்குத் திருக்காவலூர் என்று பெயரிட்டுக் கலம்பகம் பாடினார். தேம்பாவணியில் மூவாயிரத்து அறுநூற்றுக்கு மேற்பட்ட பாடல்களில் இயேசுவின் வளர்ப்புத் தந்தையான சூசையின் வரலாற்றைச் சொன்னபோது, நாட்டுப்படலம் நகரப்படலம் என்று நம் காப்பிய முறைப்படியே தொடங்கினார். யூதேயாவில் வயல் விளைகிறது, வாவியில் தாமரை பூக்கிறது. முப்பதாண்டுக்கு மேல் இங்கேயே இருந்து 1747இல் மறைந்தார். இத்தாலிக்குத் திரும்பவேயில்லை.

ஆனால் என்னைக் கவர்வது காப்பியம் பாடிய முனிவரைவிட, அதற்கு முந்தைய, தடுமாறிய மாணவர்தான். நம் முன்னோர் சொற்பொருளுக்கு நிகண்டை மனப்பாடம் செய்தார்கள். பாட்டாகப் பாடி வைத்திருந்ததை ஐந்து வயதிலிருந்து உருப்போட்டவனுக்கு அது பெட்டகம். முப்பது வயதில் வந்தவன் ஒரு சொல்லைத் தேட வேண்டுமென்றால் முழுப் பாட்டையும் பாடிப் பார்க்க வேண்டும். அகரவரிசையில் அடுக்கினால் என்ன என்று தோன்றுவதற்கு வெளியூர்த் தலை ஒன்று வேண்டியிருந்தது. பெயர், பொருள், தொகை, தொடை என்று நான்கு பகுதியாக 1732இல் சதுரகராதி வந்தது. ஊர்க்காரன் பழக்கத்தில் தாண்டிப் போகிற கல்லில் வெளியூர்க்காரனுக்குத்தான் கால் இடிக்கிறது. நாம் சின்ன வயதில் விழுந்து விழுந்து சிரித்த பரமார்த்த குருவின் கதைகூட, பேச்சுத் தமிழ் படிக்க வருகிறவர்களுக்காக அவர் தம் இன்னோர் அகராதியோடு சேர்த்து எழுதிய பயிற்சிப் பாடம். ஆறு தூங்குகிறதா என்று கொள்ளிக்கட்டையை வைத்துப் பார்க்கும் சீடர்கள், எண்ணும்போது தன்னை விட்டுவிட்டு எண்ணி ஒரு ஆளைக் காணோம் என்று அழும் சீடர்கள். அந்நிய ஊரில் முதல் மாதம் கழித்தவர்களுக்கு அந்த அழுகை சிரிப்பாக மட்டும் இருக்காது.

எழுத்தும் அப்படித்தான். ஓலையில் புள்ளி வைத்தால் கிழிந்துவிடும் என்று ஏடெழுதியவர்கள் புள்ளியை விட்டுவிட, எகரமும் ஏகாரமும் ஒரே உருவமாய் நின்றன. ஒகரமும் ஓகாரமும் அப்படியே. சொல் தெரிந்தவன் இடம் பார்த்துக் குறில் நெடிலைப் படித்துக்கொண்டான். சொல்லே தெரியாமல் வந்தவன் என்ன செய்வான்? கொம்பின் மேலே ஒரு சுழி, எகரத்தின் காலில் ஓர் இழுப்பு என்று நாம் இன்று எழுதும் நெடில் வடிவங்களை வகுத்தவர் வீரமாமுனிவர் என்றே தமிழாசிரியர்கள் சொல்லி வந்திருக்கிறார்கள். 'ஏலாக்குறிச்சி' என்று பேருந்துப் பலகையில் எழுதுகிறவர் முதல் எழுத்திலேயே அந்தத் தடுமாற்றத்தின் மிச்சத்தைத்தான் எழுதுகிறார். சென்னைக் கடற்கரையில் 1968 உலகத் தமிழ் மாநாட்டின்போது வைத்த சிலையைவிட அந்தச் சிறிய இழுப்பு எனக்குப் பெரிதாகப் படுகிறது.

பையன் போய் நாலு வாரம் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை அலைபேசியில் கூப்பிட்டான். ஊர் முழுக்க வீட்டின் முன்னால் வளைவு வளைவாக நடைகூடம் போட்டிருக்கிறார்கள், மழையில் நனையாமல் ஊரைச் சுற்றலாம் என்றான். அறிந்ததுதான். பொலோஞாவின் அந்த நடைகூடங்களை யுனெஸ்கோ 2021இல் உலக மரபுச் சின்னமாக அறிவித்தது. மாடியைத் தெருப்பக்கம் நீட்டிப் படிக்க வந்தவர்களுக்கு அறை விட, அடியில் நடக்க இடம் கிடைத்தது என்பார்கள். நம் திண்ணைக்குத் தூரத்து உறவு. அம்மா கட்டிக்கொடுத்த பருப்புப்பொடி தீர்ந்துவிட்டது, புளி இருக்கிறது என்றான். பிறகு கொஞ்சம் தயங்கி, "மாமா, இங்க எல்லாரும் என்னை அப்பா பேரைச் சொல்லித்தான் கூப்பிடுறாங்க. அப்பாவே வந்து படிக்கிற மாதிரி இருக்கு" என்றான். தலைப்பெழுத்தை விரித்து எழுதியதன் பலன். உலகப் புத்தகங்களெல்லாம் ராமானுஜனுக்கு முன்னால் சீனிவாசன் என்ற அவருடைய அப்பாவின் பெயரைத்தானே போட்டு வைத்திருக்கின்றன என்றேன். அவனுக்கு அது பெரிய ஆறுதலாகத் தெரியவில்லை.

வந்த எட்டு வேலை நாளுக்குள் தங்குரிமைக்கு விண்ணப்பம் கொடுக்க வேண்டும் என்பது அந்த நாட்டு விதி. படிவத்தில் பிறந்த ஊரை, ஏலாக்குறிச்சியை, ஆங்கில எழுத்தில் எழுதியிருக்கிறான். அதை வாங்கிய அம்மாள் 'எலாக்குரீக்கி' என்று படித்தாராம். அவர்கள் எழுத்தில் கடைசி மூன்றும் (chi) சேர்ந்தால் 'கி'தான். பெஸ்கியும் அப்படித்தான் பெஸ்கி ஆனார். பையன் கடைசி எழுத்தைச் சொல்லித் திருத்தினான். அப்புறம் முதலெழுத்து. 'எலா' இல்லை, 'ஏலா' என்று இரண்டு மூன்று தடவை இழுத்துச் சொல்லிக்காட்டியும் அந்த அம்மாளுக்குப் பிடிபடவில்லை. கடைசியில் பேனாவை வாங்கி, முதலெழுத்தின் தலையில் ஒரு சின்னக் கோடு போட்டிருக்கிறான். அந்த அம்மாள் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு, கோட்டின் மேல் விரலை வைத்து, இது என்ன என்று கேட்டாராம்.