ஓடுகிற வண்டி, தேறாத வண்டி

"வண்டி நல்லாத்தானே ஓடுது, அப்புறம் ஏன் எஃப்.சி. கொடுக்க மாட்டேங்கிறாங்க?" பழைய அம்பாசிடரோ பத்மினியோ வைத்திருப்பவரிடம் பத்து நிமிடம் பேசினால் இந்தக் கேள்வி வந்துவிடும். ஆர்.டி.ஓ. அலுவலக மைதானத்தில் காலையிலேயே வண்டியை நிறுத்தி, வெயில் ஏறும்வரை காத்திருந்து, "இன்ஜின் மாத்தியிருக்கு, எடுத்துட்டுப் போங்க" என்ற ஒற்றை வார்த்தையோடு திரும்புகிறவருக்குக் கோபம் வருவது இயல்பு. ஆனால் அந்தக் கேள்விக்குள் இரண்டு கேள்விகள் பின்னிக் கிடக்கின்றன. வண்டி பத்திரமாக ஓடுமா என்பது ஒன்று. ஆர்.சி. புத்தகத்தில் எழுதப்பட்டிருக்கும் வண்டிதான் இதுவா என்பது இன்னொன்று. உரிமையாளர் முதல் கேள்விக்குப் பதில் வைத்துக்கொண்டு போகிறார். அங்கே முதலில் கேட்கப்படுவது இரண்டாவது.

முதலில் அடிப்படை. எஃப்.சி. என்பது சட்டப்படி லாரி, பஸ், டாக்ஸி போன்ற வாடகை வாகனங்களுக்கான தகுதிச் சான்று. சொந்தக் காருக்கு நடப்பது பதிவைப் புதுப்பித்தல். முதல் பதிவு 15 ஆண்டுகளுக்குச் செல்லும். அதற்குப் பிறகு ஐந்து ஐந்து ஆண்டுகளாக நீட்டிக்கொள்ளலாம். ஒவ்வொரு முறையும் வண்டியை நேரில் காட்டியாக வேண்டும் என்பதால் ஊர்வழக்கில் இதற்கும் எஃப்.சி. என்றே பெயர். மோட்டார் வாகன ஆய்வாளரும் மக்கள் வாயில் இன்றுவரை பிரேக் இன்ஸ்பெக்டர்தான். காருக்கான புதுப்பிப்புக் கட்டணம் 600 ரூபாயாக இருந்தது. 2022 ஏப்ரலில் 5,000 ஆனது. 20 ஆண்டுக்கு மேற்பட்ட கார்களுக்கு 2025-இல் 10,000 ஆக்கப்பட்டது. தேதி தாண்டினால் மாதத்துக்கு 500 ரூபாய் கூடுதல். அதாவது, ஒருமுறை திருப்பி அனுப்பப்படுவது வெறும் அலைச்சலோடு முடிவதில்லை.

இப்போது அந்த இரண்டாவது கேள்விக்கு வருவோம். 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆவது பிரிவு, தயாரிப்பாளர் முதலில் குறித்த விவரங்களிலிருந்து ஆர்.சி. விவரம் மாறுபடும்படி வாகனத்தை மாற்றியமைக்கக் கூடாது என்கிறது. கேரளத்திலிருந்து சென்ற ஒரு வழக்கில் 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் இதை ஐயத்துக்கு இடமில்லாமல் உறுதி செய்தது. முறையான சி.என்.ஜி., எல்.பி.ஜி. கிட் பொருத்தலாம். நிறம் மாற்றலாம், பதிந்துகொள்ள வேண்டும். இன்ஜின் பழுதானால் அதே வகை இன்ஜினை முன் அனுமதியோடு போடலாம். இவற்றுக்கு அப்பால் போனால் பதிவே ஆட்டம் காணும். அனுமதியில்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும் என்று 2019 திருத்தம் சொல்கிறது.

இதைக் கேட்டதும் பலர் சொல்லும் பதில்: "இசுஸு இன்ஜின் கம்பெனியே அம்பாசிடர்ல போட்டதுதானே?" உண்மை. ஹிந்துஸ்தான் மோட்டார்ஸ் 1990-களில் 1.8 லிட்டர் இசுஸு பெட்ரோல் இன்ஜினை ஐந்து கியரோடு அம்பாசிடரில் தந்தது. ஆனால் அது அந்த மாடலுக்காகக் குறிக்கப்பட்டது. 1489 சி.சி. இன்ஜினோடு பதிவான மார்க் 2-இல் அதைத் தூக்கி வைத்தால், அந்தக் குறிப்பிட்ட வண்டிக்குத் தயாரிப்பாளர் சொன்னதிலிருந்து அது விலகிவிடுகிறது. ஆய்வாளர் பார்ப்பது மாடலின் வரலாற்றை அல்ல, தன் முன்னால் நிற்கும் வண்டியின் ஆர்.சி.யை.

இது வெறும் காகிதப் பிடிவாதமா? இல்லை என்பதே என் கருத்து. அதற்கு வண்டிக்கு அடியில் குனிந்து பார்க்க வேண்டும்.

அம்பாசிடர், இங்கிலாந்தின் மாரிஸ் ஆக்ஸ்ஃபோர்டு மூன்றாம் வரிசைக் காரிலிருந்து பிறந்தது. லாரிக்கு இருப்பதுபோல் தனிச் சேஸ் அதற்குக் கிடையாது. தரைத் தகடு, கதவுக்குக் கீழே ஓடும் பெட்டிப் பகுதி, கூரை எல்லாம் சேர்ந்த ஒரே கூடுதான் எடையைத் தாங்குகிறது. முன்பக்கம் டார்ஷன் பார், பின்பக்கம் இலைப்பட்டை. பழைய மாடல்களில் நான்கு சக்கரத்துக்கும் டிரம் பிரேக். எல்லாமே ஒரு குறிப்பிட்ட எடைக்கும் வேகத்துக்கும் கணக்குப் போட்டு வைத்தவை.

டீசல் மலிவாக இருந்த காலத்தில் வேனிலிருந்து கழற்றிய டீசல் இன்ஜினை இதில் வைப்பது சர்வ சாதாரணம். அந்த இன்ஜின் கனமானது. அதன் தாங்கிகள் அம்பாசிடரின் தாங்கிகளோடு பொருந்தாது. ஆகவே ஆங்கிள் இரும்பை வெட்டி வெல்டிங் வைப்பார்கள். கியர்பாக்ஸ் நீளம் வேறு என்பதால் புரொப்பெல்லர் ஷாஃப்ட்டை லேத்தில் கொடுத்துக் குறைப்பார்கள். பேலன்ஸ் பார்த்து வாங்கும் பட்டறைகள் உண்டு; பார்க்காதவையே அதிகம். பேலன்ஸ் இல்லாத ஷாஃப்ட் 60 கிலோமீட்டருக்கு மேல் நடுங்கும். அந்த நடுக்கம் கிராஸ் ஜாயின்ட்டையும் கியர்பாக்ஸின் பின் பேரிங்கையும் மெல்லத் தின்னும். கூடுதல் எடையில் மூக்கு தாழும். டார்ஷன் பாரை முறுக்கி உயரத்தை மீட்டுவிடலாம், ஆனால் பாரின் விறைப்பு பழையதுதான். மேடுபள்ளத்தில் அது இன்னும் அதிகமாகவே அமுங்கும். அமுங்கும்போது சக்கரங்களின் கோணம் மாறும். டயர் ஒரு ஓரமாகத் தேய்வதும் ஸ்டியரிங் ஒருபக்கம் இழுப்பதும் பெரும்பாலும் இங்கிருந்துதான் தொடங்குகின்றன. உரிமையாளரோ டயரைக் குறை சொல்லிக்கொண்டு மாதம் ஒரு அலைன்மென்ட் செய்வார்.

அதைவிடப் பெரிய விஷயம் பிரேக். வேகம் இரட்டிப்பானால் பிரேக் தின்ன வேண்டிய ஆற்றல் நான்கு மடங்காகும். 60-இல் நிதானமாகப் போன வண்டி புது இன்ஜினின் தெம்பில் 100-ஐத் தொடும்போது, அதே டிரம் ஏறக்குறைய மூன்று மடங்கு வேலையைச் செய்ய வேண்டும். ஒருமுறை நிறுத்திவிடும். கொடைக்கானல் மலைப் பாதையில் இறங்கும்போது அடுத்தடுத்து மிதித்தால் டிரம் சூடேறி விரியும், லைனிங் பிடிப்பை இழக்கும், பெடல் கீழே போகும். ஊருக்குள் ஓட்டும்போது இது தெரியவே தெரியாது. "நல்லா ஓடுது" என்பதும் "பத்திரமா ஓடும்" என்பதும் பிரிகிற இடம் இதுதான்.

துரு இன்னொரு கதை. கதவுக்குக் கீழுள்ள பெட்டிப் பகுதி உள்ளிருந்து அரித்துப் போயிருக்கும். முறையான வேலை என்றால் அரித்ததை வெட்டி எறிந்து, அதே கனத் தகட்டை வளைத்து, உட்சுவரோடு சேர்த்து வெல்டிங் வைக்க வேண்டும். அதற்கு நாள்கள் பிடிக்கும். வழக்கமாக நடப்பது மேலே ஒரு மெல்லிய தகடு, அதன் மேல் கனமான பட்டி, அதன் மேல் கண்ணாடியாய் மின்னும் பெயிண்ட். எடை தாங்க வேண்டிய இடத்தில் பட்டி இருக்கிறது. ஜாக்கி வைத்துத் தூக்கும்போது கதவு மூட மறுத்தால் கூடு வளைகிறது என்று பொருள். கூரையை வெட்டித் திறந்த காராக்கும் மோகத்துக்கும் இதுவே பதில்: தாங்கும் கூட்டின் ஒரு பக்கத்தையே அறுத்து எடுக்கிறோம்.

இதே பட்டி வேலையில்தான் சேஸ் எண்ணும் காணாமல் போகிறது. எண் அடித்த இடத்தை டிங்கர் கிரைண்டரால் தேய்த்துவிட்டால், ஆய்வின்போது பென்சில் பிரின்ட் எடுக்கக் காகிதத்தை வைக்கும்போது ஒன்றும் பதியாது. திருட்டு வண்டியும் அதே அடையாளத்தோடுதான் வரும் என்பதால் ஆய்வாளர் தயங்குவதில் தவறு காண முடியவில்லை. வண்டியைப் பெயிண்ட் பட்டறைக்கு விடும்முன் சேஸ் எண் இருக்கும் இடத்தைப் படமெடுத்து, அதன் மேல் டேப் ஒட்டி, அதைத் தொடக் கூடாது என்று சொல்லிவிட்டு வர வேண்டும்.

விளக்குகளைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். 100 வாட் ஹாலஜன் பல்பு 12 வோல்ட்டில் எட்டு ஆம்பியருக்கு மேல் இழுக்கும். இரண்டுக்கும் சேர்த்து பதினேழு. இதை ரிலே இல்லாமல் நாற்பது வயதுச் சுவிட்ச் வழியாகவும் இறுகிப்போன ஒயர் வழியாகவும் அனுப்பினால் டேஷ்போர்டுக்குப் பின்னால் சூடு கூடிக்கொண்டே போகும். எல்.ஈ.டி. பல்பு மின்சாரத்தைக் குறைவாகத்தான் எடுக்கிறது. ஆனால் பழைய ரிஃப்ளெக்டர் பல்பின் இழை இருக்கும் இடத்தை வைத்து வடிவமைத்தது. ஒளிப்புள்ளி இடம் மாறினால் வெளிச்சம் சாலையில் விழாமல் எதிரே வருபவர் கண்ணில் விழும்.

இவ்வளவு சொன்ன பிறகு, உரிமையாளர் பக்கம் இருக்கும் நியாயத்தை மறைப்பது நேர்மையாகாது. இன்ஜினை மாற்றியவர்களில் பெரும்பாலோர் வேறு வழியில்லாமல் மாற்றியவர்கள். சென்னையில் ஸ்டாண்டர்டு மோட்டார் நிறுவனம் 1961 முதல் தயாரித்த ஹெரால்டையும், 1970-களில் அதன் இடத்துக்கு வந்த கெஸலையும் எடுத்துக்கொள்ளுங்கள். தயாரிப்பு நின்று, உதிரிப் பாகங்கள் வற்றின. புதுப்பேட்டையின் பழைய உதிரிப் பாகச் சந்தையில் எது கிடைத்ததோ அதைப் போட்டு வண்டியைக் காப்பாற்றினார்கள். அன்று அப்படிச் செய்யாதவர்களின் ஹெரால்டுகள் பழைய இரும்புக் கடைக்குப் போய்விட்டன. பிழைத்தவற்றின் உரிமையாளர்களுக்கு இன்று ஒரு புதிய வாசல் திறந்திருக்கிறது: 2021 ஜூலையில் வந்த விண்டேஜ் விதிகளின்படி, முதல் பதிவாகி 50 ஆண்டு கடந்த வண்டிக்குத் தனி வரிசை எண், நம்பர் பிளேட்டில் 'வி.ஏ.' என்ற எழுத்துகள், 20,000 ரூபாய்க்குப் பத்து ஆண்டுப் பதிவு. ஆனால் நிபந்தனை, சேஸ், பாடி, இன்ஜின் ஆகியவற்றில் பெரிய மாற்றம் எதுவும் இருக்கக் கூடாது. எந்த மாற்றம் வண்டியை உயிரோடு வைத்ததோ அதுவே இன்று அதை வெளியே நிறுத்துகிறது. நுழைந்த வண்டிகளையும் கண்காட்சி, ராலி, பராமரிப்பு போன்ற காரியங்களுக்குத்தான் ஓட்டலாம். அன்றாடம் வேலைக்குப் போகக் கூடாது.

அம்பாசிடர் உற்பத்தி 2014-இல் நின்றது. கடைசியாக வந்தவை 2029-இல் தான் முதல் புதுப்பிப்புக்கே வரும். விண்டேஜ் ஆக 2064 வரை காத்திருக்க வேண்டும். 15-க்கும் 50-க்கும் நடுவில் இருக்கும் இந்த நீண்ட காலத்துக்கு, வழக்கமான புதுப்பிப்பைத் தவிர, நம் சட்டத்தில் தனி ஏற்பாடு எதுவும் இல்லை. நல்ல மாற்றத்தையும் கெட்ட மாற்றத்தையும் பிரித்துப் பார்க்க வழி இல்லாததுதான் அதைவிட வருத்தம் தருவது. ஒருவர் முன்சக்கரத்துக்கு டிஸ்க் பிரேக் போடுகிறார். மாஸ்டர் சிலிண்டரின் அளவைக் கணக்கிட்டு மாற்றுகிறார். பின்சக்கரம் முந்திக்கொண்டு பூட்டாதபடி அழுத்தத்தைச் சரிசெய்கிறார். இன்னொருவர் பழைய மாருதியின் டிஸ்க்கைக் கழற்றி, பிராக்கெட்டை வெல்டிங் வைத்து மாட்டுகிறார். முதல் வண்டி முன்பைவிடப் பத்திரமானது, இரண்டாவது ஆபத்தானது. ஆய்வாளரின் படிவத்தில் இரண்டும் ஒன்றுதான்: அனுமதியில்லாத மாற்றம். இல்லாவிட்டால் இரண்டையும் கவனிக்காமல் விட்டுவிடுவார்.

ஜெர்மனியில் 30 ஆண்டு கடந்த கார்களுக்கு 1997 முதல் தனி 'ஹெச்' எண் உண்டு. அசல் நிலையில் இருந்தாலும், அந்த வண்டியின் காலத்திலேயே வழக்கிலிருந்த மாற்றத்தோடு இருந்தாலும், தகுதிபெற்ற பொறியாளர் பார்த்துச் சான்று தந்தால் ஏற்கப்படும். மற்ற மாற்றங்களையும் பொறியாளர் சோதித்து ஆவணத்தில் ஏற்றலாம். சோதனை அங்கே கடுமை. ஆனால் கேட்பதற்கு ஒரு கதவு இருக்கிறது. இங்கே கதவு இல்லாததால் என்ன நடக்கிறது என்பது எல்லோருக்கும் தெரியும். எஃப்.சி. அன்று மட்டும் இரவல் சக்கரம், இரவல் ஹெட்லைட். மறுநாள் எல்லாம் பழையபடி. அந்த ஒரு நாள் சோதனையால் சாலையில் யாருக்கும் பாதுகாப்பு கூடுவதில்லை.

எனவே கேட்க வேண்டியவை திட்டமானவை. திருப்பி அனுப்பும்போது எந்தப் பாகம், எந்த விதி என்று எழுத்தில் தர வேண்டும். "சரியில்லை" என்ற வாய்வார்த்தை போதாது. பிரேக்கை உருளை இயந்திரத்தில் அளந்து எண்ணைத் தர வேண்டும். தானியங்கிச் சோதனை நிலையங்களுக்கான 2021 விதிகளின்படி வரும் நிலையங்களால் இதைச் செய்ய முடியும். ஆனால் டிரம் பிரேக் காலத்து வண்டிக்கு எந்த அளவுகோல் என்பதைத் தெளிவாக வகுக்க வேண்டும். பொறியியல் கல்லூரிகளும் வாகன ஆய்வு நிறுவனங்களும் நிறைந்த நாட்டில், ஒரு மாற்றத்தைச் சோதித்துச் சான்று தரும் அதிகாரத்தை அவற்றில் சிலவற்றுக்கு வழங்குவது பெரிய காரியமில்லை.

அதுவரை, பழைய கார் வாங்க நினைப்பவர்கள் அட்வான்ஸ் கொடுக்கும்முன் சில வேலைகளைச் செய்துவிட வேண்டும். ஏனென்றால் மைதானத்தில் திட்டு வாங்குகிறவர் பெரும்பாலும் இன்ஜினை மாற்றியவர் அல்ல. அவருக்குப் பின் மூன்றாவதாக வாங்கியவர். ஆர்.சி.யில் எரிபொருள் என்னவென்று இருக்கிறது, பானெட்டுக்குள் எது இருக்கிறது என்று ஒப்பிடுங்கள். சி.சி. அளவைப் பாருங்கள். இன்ஜின் எண்ணையும் சேஸ் எண்ணையும் துடைத்துவிட்டுக் கண்ணால் படியுங்கள். சேஸ் எண்ணைச் சுற்றி வெல்டிங் தழும்பு இருந்தால் விலகிவிடுங்கள். கதவடிப் பகுதியில் காந்தத்தை ஓட்டுங்கள். எங்கே ஒட்டவில்லையோ அங்கே பட்டி. பதிவு எப்போது முடிகிறது என்று பார்த்து, முடிய இன்னும் சில மாதம்தான் என்றால் புதுப்பித்துத் தரும் பொறுப்பை விற்பவரிடமே விட்டு, புதிய ஆர்.சி. கைக்கு வந்த பிறகு மீதிப் பணத்தைக் கொடுங்கள்.