எந்த அத்தை?

2018 பிப்ரவரி 26 அன்று டெல்லி உயர் நீதிமன்றம் சொன்ன தீர்ப்பும், அதைத் தொடர்ந்து மார்ச்சில் காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் விட்ட சுற்றறிக்கையும் நம் ஓ.பி. மேஜைவரை வந்துவிட்டன. வழக்கு என்னவோ இதயத்தசை தடித்தவருடையது. ஆனால் ‘மரபணுக் கோளாறு’ என்று பொத்தாம்பொதுவாகச் சொல்லி கிளெய்மைத் தள்ளுவது அரசியல் சாசனத்தின் 14ஆம் பிரிவுக்கு விரோதம் என்று நீதிபதி பிரதிபா எம். சிங் எழுதியது பிஆர்சிஏ குடும்பங்களுக்கும் சேர்த்துத்தான். வரவேற்கிறோம். நோய் வராத கேரியருக்குச் சூல்பையை முன்கூட்டி எடுத்தால் பணம் யார் தருவது என்ற சண்டை தனியே நடக்கட்டும்.

எனக்கு உறுத்துவது வேறு. பரம்பரை என்று ஒரு சொல் விழுந்தால் கிளெய்ம் போய்விடுமே என்று பயந்து, கேஸ் ஷீட்டில் குடும்ப வரலாறு ‘இல்லை’ என்று எழுதியவர்கள் நம்மில் உண்டு. நானும் எழுதியிருக்கிறேன். அந்தச் சாக்கு இனி செல்லாது. சரி, கேட்டு எழுதவாவது தெரியுமா?

சங்கரன்கோவிலில் விசைத்தறி வீட்டுப் பெண் ஒருவர் மார்பில் கட்டியோடு வந்தார். வெறும் ஃபைப்ரோஅடினோமா. வேறெங்கோ எழுதிய பழைய சீட்டில் ‘ஆன்ட் - மார்பகப் புற்று’ என்றிருந்தது.

“எந்த அத்தைம்மா?”

“எம் மாமியாதான் டாக்டர்.”

கட்டிக்கொடுத்த வழி உறவுதானே என்று பேனாவை மூடப்போனேன்.

“எங்க அப்பா கூடப் பொறந்தவுக. அத்தை மவனத்தான் கட்டிருக்கேன்.”

அந்த அத்தை பிஆர்சிஏ2 கேரியர் என்று வைத்துக்கொள்வோம். கணவருக்கு வாய்ப்பு பாதி. இவருக்கு, அப்பா வழியாக, கால். அப்பா எந்த நோயும் இல்லாமலே கடத்தியிருப்பார். பிள்ளைக்கு இரண்டு பக்கமும் வந்து சேர 32இல் 1. சேர்ந்தால் ஃபான்கோனி அனீமியா. இவ்வளவையும் ‘ஆன்ட்’ விழுங்கிவிட்டது. தமிழிலும் உஷார் வேண்டும்: பெரியம்மா என்றால் அம்மாவின் அக்காவா, பெரியப்பா மனைவியா?

சுகாதாரத் துறையைக் கேட்கிறேன். 30 வயது தாண்டியவர்களுக்காக வீடு வீடாகப் போகும் சிபேக் தாளில் குடும்பத்தைப் பற்றி ஒரே கேள்வி. பிரஷர், சுகர், இதய நோய். அதுவும் பெற்றோர், உடன்பிறந்தோரோடு சரி. மார்பில் கட்டி உண்டா என்று அதே தாள் கேட்கிறது. அத்தைக்கு இருந்ததா என்று கேட்க ஒரு வரி இடம் இல்லையாம்! பிஆர்சிஏ1 இருந்தால் 80 வயதுக்குள் மார்பகப் புற்று 72 சதவீதம், சூல்பைப் புற்று 44 என்று 2017இலேயே கணக்கு வந்துவிட்டது. தாள் அச்சடித்தவர்கள் வீட்டில் அப்பாவுக்கு அக்கா தங்கையே கிடையாதா? பாதி ஜீன் அப்பா கொடுத்தது என்பது பள்ளிக்கூடப் பாடம். இதைச் சொல்லிச் சொல்லி வாய் வலிக்கிறது.

அந்த மாமியார் உயிரோடு இருக்கிறார். முதலில் ரத்தம் எடுக்க வேண்டியது அவருக்கு, மருமகளுக்கு அல்ல. அடையாறு புற்றுநோய் நிலையத்துக்குப் பொதிகையில் ஓர் இரவுப் பயணம். அனுப்பும்போது கடிதத்தோடு மூன்று தலைமுறைப் படமும் போட்டுக் கொடுங்கள். ஒவ்வொரு பெயரிலும் நிறுத்திக் கேளுங்கள்: “கூடப் பொறந்தவுகளா, கட்டிட்டு வந்தவுகளா?”