‘கை வராது’ என்று சொல்லாதீர்கள்

‘அவளுக்கு நல்ல கை. இவனுக்குக் கை வராது.’ பல் மருத்துவக் கல்லூரிகளில் மாணவர்களின் தலையெழுத்தை இந்த இரண்டு வரியில் எழுதி முடித்துவிடுகிறார்கள். முதலாண்டில் மெழுகுக் கட்டையில் கடைவாய்ப் பல் செதுக்கும்போதே இந்தத் தரம்பிரிப்பு தொடங்கிவிடும். என்னையும் அப்படித்தான் பிரித்தார்கள். ‘கைத்திறன் பிறவியிலேயே இருக்கணும்’ என்று சொன்ன ஆசிரியர், நான் எப்படி உட்கார்ந்து வேலை செய்கிறேன் என்று ஒரு நாளும் பார்த்ததில்லை.

பேன்டம் தலை எனப்படும் பயிற்சிப் பொம்மைத் தலையில் மேல்தாடைக் கடைசிப் பற்களில் குழி எடுக்கும் மாணவரைப் பக்கத்தில் நின்று பாருங்கள். இடது கையில் இருக்கும் மவுத் மிரர் கன்னத்தை ஒதுக்கிப் பிடிக்க மட்டுமே பயன்படும். கண்ணாடியைப் பார்த்தபடி வேலை செய்தால் கை எதிர்த்திசையில் போகிறது. அந்தப் பயத்தில் பல்லை நேராகவே பார்க்க முயல்வார். கழுத்து மடங்கும், முதுகு கூனும், தலை ஏறக்குறைய அந்த வாய்க்குள்ளேயே போய்விடும். உடல் சாய்ந்ததும் முழங்கை விலாவை விட்டு எழும்பும். முழங்கை எழும்பினால் பக்கத்துப் பல்லில் ஊன்றியிருந்த மோதிரவிரல் நழுவும். ஊன்றுவிரல் போனபின், நிமிடத்துக்கு 3 லட்சம் சுற்று சுழலும் ஏரோட்டர் துளைக்கருவியை எந்தக் கைதான் அடக்கும்? குழியின் சுவர் சரியும், பக்கத்துப் பல்லில் கீறல் விழும். மதிப்பெண் போடுகிறவர் குழியை மட்டும் பார்த்துவிட்டுக் கையைக் குறை சொல்வார். தப்பு உட்கார்ந்த விதத்தில் இருந்தது.

அமெரிக்காவில் பல் மருத்துவ நுழைவுத் தேர்வில் சாக்குக் கட்டியைச் செதுக்கச் சொல்லிக் கைத்திறனை அளந்த காலம் உண்டு. 1970களின் தொடக்கத்திலேயே அதை விட்டுவிட்டார்கள். நாமோ தேர்வு எதுவும் வைக்காமல், ஒரு பார்வையிலேயே தீர்ப்புச் சொல்கிறோம்.

கண்ணாடிப் பயத்தைப் பயிற்சியால் போக்கலாம். தாளில் சதுரங்கள் வரைந்து, கண்ணாடியில் மட்டும் பார்த்து அவற்றின் மேல் பென்சில் ஓட்டச் சொல்லுங்கள். முதல் நாள் கோடு தாறுமாறாக ஓடும். மாணவருக்கு அழுகையே வந்துவிடும். தினம் கால்மணி நேரம் செய்தால் சில வாரங்களில் கை கண்ணாடிக்கு இணங்கிவிடுகிறது. என்னிடம் ‘கை வராதவர்கள்’ என்று அனுப்பப்பட்ட பிள்ளைகளிடம் இதைக் கண்ணால் கண்டிருக்கிறேன்.

‘முதலில் வேலை வரட்டும், உட்காருவது போகப் போகச் சரியாகும்’ என்பது இன்னும் மோசம். எப்படிச் சரியாகும்? 4 ஆண்டு கூனிப் பழகிய உடம்பு, ஐந்தாம் ஆண்டுப் பயிற்சியில் நோயாளி முன்னாலும் கூனித்தான் உட்காரும். மனிதத் தலை ஏறக்குறைய 5 கிலோ. அதை முன்னால் தொங்கவிட்டபடி நாள் முழுக்க வேலை செய்கிறவருக்குக் கழுத்துவலி வராமல் என்ன செய்யும்? அதைத் ‘தொழிலோடு வருவது’ என்று சகித்துக்கொள்ளச் சொல்வது அநியாயம்.

பல்லைக் குடையும் பர்ரைத் தொடும் முன் உட்காரக் கற்றுக்கொடுங்கள். பாதம் தரையில் பதியட்டும். நோயாளியின் வாய் நம் முழங்கை மட்டத்துக்கு வரட்டும். மேல்தாடை வேலை என்றால் பேன்டம் தலை நன்றாகப் பின்னால் சாயட்டும். மதிப்பெண் தாளில் குழியின் ஆழத்துக்கும் அகலத்துக்கும் கட்டம் இருக்கிறது. உட்கார்ந்த விதத்துக்கும் ஒரு கட்டம் போடுங்கள்; குழியைப் பார்ப்பதற்கு முன்பே அதை நிரப்புங்கள்.