எண்ணித் தேடினால் எதுவும் கிடைக்கும்

“யூதருடைய வேதநூலிலே எதிர்காலம் முழுவதும் மறைத்து எழுதப்பட்டிருக்கிறதாமே, ஐயா! உண்மையா?” என்று மாணவன் ஒருவன் சென்ற வாரம் கேட்டான். அவன் குரலில் வியப்பும் இருந்தது. நம்பிவிட வேண்டுமென்ற ஆவலும் இருந்தது. அவனுக்குக் கூறிய விடையையே வாசகர்களுக்கும் கூறுகின்றேன்.

யூதர் ‘தோரா’ எனப் போற்றும் மோசேயின் ஐந்து நூல்களும் எபிரேய மொழியில் 304,805 எழுத்துகள் கொண்டவை. ஆதியாகமத்தில் முதலில் வரும் ‘தௌ’ என்னும் எழுத்திலிருந்து, 49 எழுத்துகளை விட்டு விட்டு ஒவ்வோர் எழுத்தாகப் பொறுக்கினால், ‘தோரா’ என்ற சொல்லே கிடைக்கின்றது. இவ்வழியைப் பின்பற்றி, 1997இல் மைக்கல் துரொஸ்னின் என்பவர் ஒரு நூல் வெளியிட்டார். 1995இல் கொலையுண்ட இஸ்ரேலியப் பிரதமர் இற்சாக் றபீனின் முடிவும் அங்கே பொதிந்துள்ளது என்றார். ‘மோபி டிக்’ நாவலில் ஒரு பிரதமரின் கொலையைக் காட்டினால் மறுப்போரை நம்புவதாகச் சவாலும் விட்டார்.

அவுஸ்திரேலியக் கணித அறிஞர் பிரண்டன் மக்கே அதனைக் காட்டியேவிட்டார். 1851இல் வெளிவந்த அத்திமிங்கில வேட்டைக் கதையிலே இந்திரா காந்தியின் கொலையும் அகப்பட்டது! அதனை எழுதிய மெல்வில் தீர்க்கதரிசியல்லர்.

இது எவ்வாறு நிகழ்கின்றது? எபிரேய எழுத்துகள் 22. உயிரொலிகள் பெரும்பாலும் எழுதப்படாமையால் நான்கு எழுத்துகளிலே ஒரு பெயர் அடங்கிவிடும். தொடங்கும் இடத்தையும் இடைவெளியையும் மாற்றிக்கொண்டே போனால், தோராவிலிருந்து 1,500 கோடிக்கு மேற்பட்ட நான்கெழுத்துத் தொடர்களைப் பெறலாம். 22 எழுத்துகளால் ஆகக்கூடிய நான்கெழுத்துச் சேர்க்கைகளோ 234,256 மட்டுமே. ஆகவே ஒவ்வொரு சேர்க்கையும் சராசரியாக அறுபதினாயிரம் முறைக்கு மேல் தற்செயலாகவே எதிர்ப்படும். விரும்பிய இரண்டு சொற்களை அருகருகே காண்பது அரிதன்று; காணாதிருப்பதே அரிது.

“அப்படியானால் அந்நூலில் ஒன்றுமே இல்லையா?” என்றான் மாணவன், சற்று ஏமாற்றத்துடன்.

“உண்டு, தம்பி. கொலையையும் பொய்ச்சாட்சியையும் விலக்கும் கட்டளைகள் அங்கே உண்டு. அவற்றை யாரும் ஒளித்து வைக்கவில்லை; இடைவெளி விட்டு எண்ண வேண்டியதுமில்லை” என்றேன்.

சிறிது நேரம் மௌனமாயிருந்தான். பின்னர், “எதைத் தேடுகிறோம், எங்கே தேடுகிறோம் என்பதை முதலிலே சொல்லிவிட்டல்லவா தேடவேண்டும்!” என்றான்.

ஆராய்ச்சியின் முதற்பாடம் அதுவே. கண்டெடுத்த பின்னர் அதற்கேற்பக் கேள்வியை அமைப்பவன் ஒருபோதும் தோற்பதில்லை. ஆனால் அவன் எதனையும் அறிந்துகொள்வதுமில்லை.