எந்திரத்தின் காதிலும் 'உயர்ந்தோர் வழக்கு'தானா?

"தட்டச்சு வேண்டாம், பேசினால் போதும். எழுதப் படிக்கத் தெரியாத பாட்டியும் மனு கொடுக்கலாம்." பேச்சை எழுத்தாக்கும் செயலிகளைத் தமிழுக்குக் கொண்டுவருகிறவர்கள் இப்படித்தான் சொல்கிறார்கள். சரி, எந்தப் பாட்டி?

எந்திரத்துக்கு ஒரு மொழியைப் பழக்க, பேச்சொலியும் அதற்குரிய எழுத்தும் வேண்டும். எழுதியதைக் கொடுத்துப் படிக்கச் சொல்வது மலிவான வழி. மெட்டா 2023-இல் 1,100-க்கும் மேற்பட்ட மொழிகளுக்கு வெளியிட்ட மாதிரி, பெருமளவு புதிய ஏற்பாட்டு வாசிப்பில் பழகியது. தமிழிலோ எழுதுவதுபோல் யாரும் பேசுவதில்லை. ஏட்டுத் தமிழைத் தடங்கலின்றிப் படிக்கும் நாக்கு யாருக்கு வாய்த்தது? பள்ளிக்கூடம் யாருக்குத் திறந்திருந்தது என்று கேளுங்கள்.

இயல்பான பேச்சைத் திரட்டும் முயற்சிகளும் நடக்கின்றன, நல்லது. ஆனால் அதைக் கேட்டு எழுதுகிறவரின் கை என்ன செய்கிறது? "வந்துகினு கீறேன்" என்பதை "வந்துகொண்டிருக்கிறேன்" என்று அவர் எழுதினால், எந்திரமும் திருத்தத்தான் பழகும். வழக்கு என்றால் உயர்ந்தோருடையதே என்று தொல்காப்பிய மரபியல் அன்றே சொல்லிவிட்டது. 'கொச்சை' என்று வாத்தியார் தலையில் குட்டினார். இப்போது குட்டுவதற்குக் கைகூடத் தேவையில்லை.

இது வெறும் மொழிநடைச் சிக்கல் அல்ல. வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் பிரிவு 3(1)(எஸ்), பொதுவெளியில் சாதிப் பெயர் சொல்லித் திட்டுவதைக் குற்றம் என்கிறது. என்ன சொல்லித் திட்டினான் என்பதுதான் அங்கே வழக்கின் உயிர். நாளை புகாரைச் செயலி எழுதி, அந்தச் சொல்லைத் தவறாகக் கேட்டால், 'ஆபாசம்' என்று விழுங்கினால்?

"மொத்தத்தில் பிழை குறைவு" என்பார்கள். அந்தச் சராசரிக்குள்தான் நம்மை ஒளித்துவைப்பார்கள். அமெரிக்காவில் 2020-இல் ஐந்து பெருநிறுவனங்களின் செயலிகளைச் சோதித்தார்கள். நூறு சொல்லுக்கு வெள்ளையர் பேச்சில் சுமார் 19 பிழை, கறுப்பர் பேச்சில் 35. பிரித்து எண்ணியதால்தான் தெரிந்தது.

"அப்படியானால் குரலோடு சாதியையும் பதியவா?" என்று தோழர்கள் பதறுவது நியாயமே. குரலை வைத்துச் சாதி கண்டுபிடிக்கும் கருவியை நாமே செய்து கொடுக்கக் கூடாது. ஒலிப்பதிவு நிறுவனத்திடம் போக வேண்டாம். தூய்மைப் பணியாளர் சங்கங்களும் சேரி இளைஞர் மன்றங்களும் தங்கள் பேச்சைத் தாங்களே பதிந்து, தாங்களே எழுதி, தங்களிடமே வைத்துக்கொள்ளட்டும். அரசு எந்தச் செயலியை வாங்கினாலும் முதலில் அந்தப் பதிவுகளின் முன்னால் சோதித்து, பிழைக் கணக்கை வெளியிடட்டும். அதுவரை காவல் நிலையத்தில் புகாரைக் கையால்தான் எழுத வேண்டும்; எழுதியதைப் படித்துக்காட்டிய பிறகே கையெழுத்து.